பழைய சைட்டின் கடைசி வாரம்

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். கொடியில் போட்ட துணியை அம்மா திட்டிக்கொண்டே எடுத்து உள்ளே போட்டாள். திட்டு மழைக்கு இல்லை, பவர் ஸ்டேஷனுக்கு. மழையோடு சாம்பலும் இறங்கினால் என் யூனிஃபார்ம் அவ்வளவுதான்.

பள்ளியின் ஆன்லைன் பாட சைட் சனிக்கிழமை புது வெர்ஷனுக்கு மாறுகிறது. சின்ன மாற்றம் இல்லை, முழுசாக. கம்ப்யூட்டர் டீச்சர் மாலதி மிஸ் என்னைக் கூப்பிட்டார்கள். சைட்டை அப்படியே நகல் எடுத்து, லேபில் ஒரு மெஷினில் போட்டு, அதில் புது வெர்ஷனை ஏற்றியிருக்கிறார்கள். எதெல்லாம் கெட்டுப்போயிருக்கிறது என்று ஒருவர் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

"நோட்டீஸ் போர்டுல எழுத்துப்பிழை கண்டுபிடிச்சவ நீதானே? சாப்பிட்டுட்டு தினம் லேபுக்கு வந்துடு, கயல்."

ரொம்ப சந்தோஷம். சாப்பாட்டு இடைவேளையில் போக ஒரு இடம். என் தோழி சங்கவி ஊர் மாறிப் போனதிலிருந்து அந்த நேரம்தான் கஷ்டம். சாப்பிட்டு முடித்ததும் தண்ணீர் பாட்டில் நிரப்பக் கிளம்பிவிடுவேன். பாட்டில் நிறைந்திருந்தாலும்.

இன்று பார்த்ததில் கெட்டவை: வேதியியல் படங்கள் வரவில்லை. சில பாடத்தில் தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக. நல்லது: வேகம்.

நாளை: நூல் அறிமுகம் பகுதி. அதை நானே பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

நூல் அறிமுகம் சரியாக வந்திருக்கிறது. சங்கவியும் நானும் ஏழாம் வகுப்பிலிருந்து எழுதியது எல்லாம். வேறு யாரும் அங்கே எழுதியதில்லை. அவள் ஒரு புத்தகம் பற்றி எழுதுவாள், நான் கீழே சண்டை போடுவேன். அவளுக்கு முடிவு சோகமாக இருந்தால் பிடிக்காது. "ஆசிரியருக்கு என்ன கஷ்டமோ தெரியல, நம்மள அழ வைக்கிறாரு" என்று எழுதியிருந்தாள். தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அவள் அப்பாவுக்கு மே மாதம் வடக்கே பாலைவனம் பக்கம் மாற்றல். குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அங்கே போனதும் அவள் அப்பா நம்பர் மாறிவிட்டது. எனக்கும் அவளுக்கும் சொந்தமாக ஃபோன் கிடையாது. "சைட்டுல எழுதுறேன்டி, அது எங்க போனாலும் திறக்கும்ல" என்றாள். ஜூனில் நான் முதலில் அவளுக்குத் தனிச் செய்தியாக எழுதினேன். நல்லா இருக்கியா, புது வீடு எப்படி என்று. பதில் வந்தது:

"இருக்கேன். வீடு பெருசா இருக்கு. இங்க யாரையும் தெரியாது."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் நிறைய எழுதிவிட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. நெட் இருக்காது. அல்லது பள்ளியில் இந்தி, கஷ்டமாக இருக்கும்.

இன்று மிஸ் சொன்னது: புது வெர்ஷனில் லாகின் அட்மிஷன் நம்பரில்தான். டி.சி. வாங்கிப் போனவர்கள் யாரையும் கொண்டுபோகப் போவதில்லை. அவர்கள் எழுதியதும் போய்விடும்.

"எல்லாருமா மிஸ்?"

"இல்லாதவங்களுக்கு எதுக்கும்மா இடம்?"

சனிக்கிழமைக்குள் சங்கவி திறந்து பார்க்க வேண்டும். இன்று மறுபடி எழுதினேன். அவசரம், உன் நம்பரை உடனே எழுது என்று. அவசரம் என்பதை மூன்று தடவை போட்டேன்.

அம்மா: "என்னாடி எப்பப் பாரு அந்தப் பொட்டியவே பார்த்துகினு. சாப்புட வா."

நவம்பர் 12, புதன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

சோதிப்பதற்காக மிஸ் எனக்கு டீச்சர் லாகின் கொடுத்தார்கள், நகலில் மட்டும். டீச்சர் பார்வையில் யார் கடைசியாக எப்போது வந்தார்கள் என்று தெரியும். சங்கவி பெயரைத் தட்டினேன். கடைசி வருகை: போன வெள்ளிக்கிழமை. பார்த்திருக்கிறாள்! அப்புறம் கீழே பார்த்தேன். வந்த இடம்: எங்கள் பள்ளி லேப். அதற்கும் கீழே மதிப்பெண்கள். எட்டாம் வகுப்பு அறிவியல், யூனிட் டெஸ்ட்.

சங்கவி பத்தாவது.

எங்கள் பழைய சைட்டில் லாகின் என்பது குவார்ட்டர்ஸ் நம்பர். ப்ளாக், வீடு, அவ்வளவுதான். டவுன்ஷிப்பில் எல்லாவற்றுக்கும் அதுதானே. பால், கேஸ், பஸ் பாஸ். நேராக ஆபீசுக்குப் போய் லாகின் கொடுக்கும் குமரன் சாரிடம் கேட்டேன்.

"அந்த வூட்டுக்கு வேற ஃபேமிலி வந்துட்டாங்கம்மா. தூத்துக்குடி பக்கம். அந்தப் பொண்ணுக்குத்தான் குடுத்தேன். வூட்டு நம்பர் அதேதான? பாஸ்வேர்டு மட்டும் மாத்தினேன்."

"பேர் மாத்தலையே சார்?"

"பேரு மாத்துற எடம் எங்க இருக்குன்னு தெரியல. யாரும் கேக்கவும் இல்ல."

அப்படியானால் ஜூனிலிருந்து எழுதியது எல்லாம். அப்பா இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வந்து யாரிடமும் பேசாமல் படுப்பது. பிறந்தநாளன்று க்ளாசில் யாருக்கும் சொல்லாமல் சாக்லேட்டைத் திருப்பி எடுத்து வந்தது. பாட்டில் விஷயம். எல்லாவற்றையும் ஒரு எட்டாம் வகுப்புப் பெண் படித்திருக்கிறாள்.

மதியம் சாப்பிடவில்லை.

நவம்பர் 13, வியாழன்

நல்ல மழை. அந்தப் பெண்ணை சைக்கிள் ஸ்டாண்டில் கண்டுபிடித்தேன். பெயர் தரணி. ஒல்லி, பெரிய பை. என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. யார் என்று தெரிந்திருக்கிறது. தினமும் தெரிந்திருக்கிறது.

கோபமாகத்தான் போனேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இது மட்டும்:

"ஜூன்ல அந்தப் பதில் நீயா போட்ட?"

"ஆமாக்கா."

"சங்கவி மாதிரி ஏன் எழுதின?"

"அவங்க மாதிரி எழுதலக்கா. நல்லா இருக்கியா, புது வீடு எப்படின்னு கேட்டிருந்தீங்கல்லா. அதுல பேரே இல்ல. புதுசா வந்த பிள்ளைகளுக்கு பெரிய கிளாஸ் அக்காமாரு எழுதுவாங்க போலன்னு நெனச்சேன். எனக்கு எழுதினதுன்னுதான்..." பையின் வாரைத் திருகினாள். "இங்க வந்து அப்படிக் கேட்டது நீங்க ஒருத்தங்கதான்."

மழை தகரத்தில் சத்தமாக விழுந்தது.

"அடுத்ததுல சங்கவின்னு போட்டிருந்தீங்க. அப்பதான் தெரிஞ்சுது."

"அப்புறமும் படிச்சியே."

"படிச்சேன்." தலை குனிந்து. "தப்புதான்க்கா."

"எல்லாத்தையும் அழிச்சிடு."

"சரிக்கா."

அந்த மூன்று வரியை ஜூனிலிருந்து எத்தனை தடவை படித்திருப்பேன். யாரையும் தெரியாது என்றது உண்மைதான். ஆள்தான் வேறு. சங்கவி ஒரு தடவைகூட வரவில்லை. ஒரு தடவைகூட.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். ஆடிட்டோரியத்தில் டீச்சர்கள் நடனம். எல்லோரும் கத்தினார்கள். நான் லேபில்.

யார் எந்த லாகின் என்று புது அட்மிஷன் நம்பரோடு சேர்க்கும் வேலை. சங்கவி வீட்டு லாகினுக்கு நேரே இருந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். மிஸ் பார்த்துவிட்டார்கள். குமரன் சார் செய்ததைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

"இது மட்டும்தானா, இன்னும் எத்தனை வீட்டுக்கு இப்படிப் பண்ணியிருக்காரோ! சரி, பாரு. சங்கவி பேர்லயே விட்டா டி.சி. பசங்களோட சேர்ந்து போயிடும், இந்தப் பொண்ணு மார்க்கும் போயிடும். தரணின்னு மாத்தினா மார்க் தப்பிக்கும். ஆனா சங்கவி எழுதினதெல்லாம் தரணி பேர்ல நிக்கும். பிரிக்கிறதுக்கு நேரமில்ல. சாயந்திரம் எனக்கு சொல்லு."

நான் என்ன சொல்ல. அவள் எழுதியதை நோட்டில் நகல் எடுக்கலாம்தான். எடுத்துவிட்டேன், பாதி. ஆனால் என் கையெழுத்தில் பார்த்தால் அது என் வாக்கியம் மாதிரியே இருக்கிறது.

ஒரு நிமிடம் கெட்ட எண்ணம்: போகட்டும், தரணி மார்க் போனால் எனக்கென்ன. அவள் மறுபடி எழுதட்டும் டெஸ்ட்டை.

அப்புறம் பெயர் இருந்த கட்டத்தைத் தட்டினேன். சங்கவி என்பதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். மொத்தமாகவும் அழிக்கலாம், எனக்கு மனசு வரவில்லை. தரணி என்று அடித்தேன். சேமி.

ஆடிட்டோரியத்தில் கைதட்டல். எனக்கில்லை.

நவம்பர் 15, சனி

லீவு. சைட்டைத் திறந்தால் 'மேம்படுத்தும் பணி நடக்கிறது' என்று ஒரே ஒரு வரி. காலையில், மதியம், மாலையில். மைன்ஸில் வெடி வைத்தார்கள், ஜன்னல் அதிர்ந்தது. அப்பா தூங்குகிறார். அம்மா மார்க்கெட்டுக்கு.

சங்கவி அப்பாவின் புது நம்பர் அவர் ஆபீசில் யாரிடமாவது இருக்கும், கேளுங்கள் என்று அப்பாவிடம் சொல்லலாம். ஏன் இத்தனை மாதம் சொல்லவில்லை? சங்கவி சைட்டுக்கு வராததற்குக் காரணம் நெட் இல்லாததோ, பாஸ்வேர்டு மாறியதோ என்றால் பரவாயில்லை. வேறு காரணம் இருந்தால்?

மாலை சொல்லிவிட்டேன். "பாக்கறேன்மா" என்றார்.

நவம்பர் 17, திங்கள்

புது சைட் திறந்துவிட்டது. நீல நிறம். வேதியியல் படங்கள் வந்திருக்கின்றன. மாலதி மிஸ் அசெம்ப்ளியில் என் பெயரைச் சொன்னார்கள். பின்வரிசையில் யாரோ "யாருடா அது?" என்றார்கள்.

அப்பா கேட்டாராம். நம்பர் தெரிந்தவர் லீவில்.

நூல் அறிமுகத்தை நான் திறக்கவில்லை.

மாலை பஸ் ஸ்டாப்பில் தரணி ஓடிவந்தாள். குடை பிடித்திருந்தும் பாதி நனைந்திருந்தாள்.

"அக்கா, ஒரு பிரச்சினைக்கா. தமிழ் மிஸ் போர்டுல புது சைட்ட போட்டு, நம்ம கிளாஸ்ல இப்படி எழுதுற பிள்ளை இருக்காளேன்னு என்னை எந்திரிக்கச் சொல்லிட்டாங்க. ஏழாவதுல எழுதினதாமே, இவ்வளவு நல்லா இருக்குன்னு ஒரே கைதட்டு."

"நீ என்ன சொன்ன?"

"நான் எழுதலன்னேன். எங்க வீட்டுல எங்களுக்கு முந்தி இருந்த சங்கவி அக்கா எழுதினதுன்னேன். பயலுக எல்லாம் ஏட்டி, உங்க வீட்டுல பேய் இருக்கான்னு என்னை மாதிரியே பேசிச் சிரிக்கானுவ."

ஜூனிலிருந்து இந்தப் பள்ளியில் ஒரு வகுப்பு முழுக்கக் கேட்கும்படி அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை.

"மிஸ் என்ன சொன்னாங்க?"

"ஒவ்வொண்ணுக்கும் கீழ எழுதினவங்க பேரைப் போடச் சொன்னாங்க. நான்தான் போடணுமாம், என் லாகின்ல. நெறைய இருக்குக்கா." பேனாவை எடுத்தாள். "அவங்க இனிஷியல் என்னது?"

"ரா."

உள்ளங்கையில் எழுதினாள். ரா. சங்கவி.

"மழையில அழிஞ்சிடும்" என்றேன்.

கையை மூடிக்கொண்டாள்.