தலைக்கு மேல் போகும் கம்பி

ஆரிகன் மாநிலம், அமெரிக்கா, 1934 அக்டோபர்

மின்கம்பெனியின் மாண்புமிகு படைத்தளபதியும் என் அக்காள் மகனுமாகிய உனக்கு,

நம் வயலுக்கு மேலே ஓடும் உன் கம்பெனிக் கம்பியைக் கொண்டு சூரியனையே வறுத்தெடுக்கலாம். ஆனால் எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு விளக்குக்கான மின்சாரம்கூடக் கீழே இறங்காது. உன் அத்தை இன்னும் கைப்பம்பில்தான் தண்ணீர் அடிக்கிறாள். அவள் தோளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

உன் கம்பெனியைக் கட்டுப்படுத்தச் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. உடனே நீ, அந்தச் சட்டத்தை ஜனங்களின் ஓட்டுக்கு விடச் சொல்லும் மனுவைத் தூக்கிக்கொண்டு விவசாயிகள் சங்க விருந்துக்கு வந்தாய். அவள் சுட்ட ஆப்பிள் கேக்கைத் தின்றுகொண்டே, "ஜனங்களே ஓட்டுப் போட்டு முடிவு பண்ணட்டும், அத்தை. ஒரு கையெழுத்துப் போடுங்க, போதும்" என்றாய். அவள் மனுவைப் படிக்கவில்லை. உன் முகத்தைப் பார்த்துப் போட்டாள். அப்படி வாங்கிய கையெழுத்துகளால், வாக்கெடுப்பு முடியும்வரை சட்டம் அமலுக்கு வராமல் அந்தரத்தில் நிற்கிறது.

அதன்பின் நீ இந்தப் பக்கமே வரவில்லை. "பையனுக்கு வேலை அதிகம்போல" என்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் பசிபிக் கடலே கொதித்திருக்கும்.

வாக்கெடுப்பில் நாங்கள் இருவரும் சட்டத்தின் பக்கம். நீ ஜெயித்தாலும் தோற்றாலும் மறுநாள் வீட்டுக்கு வா. அவள் கேக் சுடுவாள்.

தண்ணீரை மட்டும் நீ அடி.

இருட்டுச் சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தி,
உன் மாமா