ராசியான நற்சான்று

9 நவம்பர் 2024

அன்புத் தங்கச்சி லக்ஷனாவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். உடம்புக்குக் குறையில்லை, இந்தச் சிறைச் சாப்பாட்டைத்தான் வாயில் வைக்க முடியவில்லை. விசா கொடுக்கும் அரச அலுவலகமான பிரெபெக்சரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. என் பத்து வருட விசாவை ரத்துச் செய்துவிட்டார்கள். என் நடத்தை பொது ஒழுங்குக்கு ஆபத்தாம். இருபத்தொரு வருடம் இந்த நாட்டு ரெஸ்டோரன்டுகளில் தட்டுக் கழுவியவனுக்குக் கிடைத்த பட்டம்! தண்டனை முடிந்ததும் வாசலில் வைத்தே பிடித்துக் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள்.

நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்று என் வழக்கறிஞர், அவொக்கா எலோடி சொல்கிறா. நற்சான்றுக் கடிதங்கள் வேண்டும். எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில் தவரத்தினம் அண்ணை சேர்த்துத் தருவார். எங்கள் குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் நீ. நல்ல பிரெஞ்சில் ஒன்று எழுது. உன் அண்ணி அருள்மலரிடமும் ஒன்று வாங்கு. நடந்ததை யாரும் அதில் எழுதத் தேவையில்லை.

உன் அன்பு அண்ணன்,
கரிகாலன்

24 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். உங்களுக்குக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தவரத்தினம் அண்ணையின் புடைவைக்கடைக்குப் போனேன். உள் அறையில் இருபத்திரண்டு பேர் வரிசையாக இருந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நற்சான்று கையெழுத்தில் இருக்க வேண்டும் என்பதால், சுவரில் ஒட்டிய ஒரே கடிதத்தை எல்லோரும் பார்த்து எழுதினார்கள். பிரெஞ்சு வாசிக்கத் தெரியாதவர்கள் எழுத்துகளைப் படம்போல வரைந்தார்கள்.

"ஒரு எழுத்தும் மாத்தாதேங்கோ! போன வருசம் எங்கடை பிரின்ஸ்டன் தம்பிக்கு வழக்கு வெண்ட கடிதம் இது. ராசியானது" என்றார் தவரத்தினம் அண்ணை.

வாசித்துப் பார்த்தேன். கல்யாணம் ஆகாத இரண்டு பேர், தங்கள் இரண்டு பிள்ளைகளோடு நீங்கள் ஞாயிறுதோறும் விளையாடுவதாக எழுதியிருக்கிறார்கள். மூன்று பேர் பிரின்ஸ்டனின் பெயரையும் மாற்றவில்லை. உங்கள் விசாவுக்காக அவருடைய குணத்துக்குச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

"கரிகாலன் என்ன கொலையே செய்தவன்? புருசன் பெஞ்சாதி பிரச்சினை. அதுக்கெல்லாம் விசாவை வெட்டுறதே?" என்றார் ஒருவர்.

"வெட்டிறதெண்டால் லா சப்பலிலை கடை திறக்க ஆள் இராது!" என்றார் இன்னொருவர். அறை முழுக்கச் சிரிப்பு.

வாயிலிருந்த வடையைக் கடதாசியில் துப்பினேன், அண்ணா. அண்ணியின் மணிக்கட்டைக் கதவு நிலையில் வைத்து நீங்கள் முறித்தபோது வந்த சத்தத்தைக் கேட்டவள் நான். பேனாவை நீட்டினார்கள். கை வலிக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள் அன்புத் தங்கச்சி,
லக்ஷனா

8 டிசம்பர் 2024

லக்ஷனா,

காலுறை கிடைத்தது. பிரின்ஸ்டன் பெயரைத் திருத்தி எழுதச் சொன்னால் முடிந்தது, அதற்கு ஒரு கடிதம் முழுக்கப் புலம்பலா? சனம் தன் வேலையை விட்டுவிட்டு எனக்காக வந்து எழுதியது. உனக்குப் படிப்பு ஏறி மனிதர்களைப் பிடிக்கவில்லை. அருள்மலர் எழுதினாளா, இல்லையா? அதைச் சொல்.

அண்ணன்

5 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியைப் பார்த்தேன். கடிதம் எழுதியே வைத்திருந்தார். அம்மா மூன்று நாள் பக்கத்தில் இருந்து எழுதுவித்தாவாம். "என் கணவர் என்மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை" என்று இருக்கிறது. எலும்பு நேராகப் பொருந்தாததால் எழுத்து ஒரு பக்கமாகச் சரிந்து போகிறது.

"கொண்டு போ லக்ஷி. அவரை நாடு கடத்தினது நான் எண்டு சனம் சொல்லும். உங்கடை அம்மா இப்பவே சொல்லுறா" என்றார். தேத்தண்ணீரை இடக்கையால் ஊற்றித் தந்தார். குடிக்க முடியவில்லை. எனக்கு அம்மாமேலும் வெறுப்பாக இருக்கிறது, அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்ட என்மேலும் வெறுப்பாக இருக்கிறது.

எலோடியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அண்ணியின் கடிதத்தையும், இருபத்திரண்டையும் ஒதுக்கிவிட்டார். "அவரைச் சிறைக்கு அனுப்பிய குற்றத் தீர்ப்பு நீதிபதிகளின் மேசையில் இருக்கும். அதன்மேல் இவற்றை வைத்தால் அவர்களை முட்டாள்கள் என்று சொல்வதாகும்" என்றார்.

நான் உங்களுக்காக நற்சான்று எழுதுகிறேன், அண்ணா. ஒன்றுதான் கேட்கிறேன். செய்தது என்ன என்று உங்கள் கையால் அண்ணிக்கு ஒரு வரி எழுதுங்கள். நீதிமன்றத்துக்கு அது வேண்டாமென்றால் கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த வரியைப் பார்த்த பிறகுதான் உங்களை நல்லவர் என்று என்னால் எழுத முடியும். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

தங்கச்சி,
லக்ஷனா

16 செப்டம்பர் 2025

அன்புத் தங்கச்சி,

வென்றுவிட்டோம்! ரத்து செல்லாது என்று தீர்ப்பு. நான் ஆபத்தானவன் இல்லை என்று பிரெஞ்சு நீதிமன்றமே சொல்லிவிட்டது. நீ கேட்ட வரியும் தேவைப்படவில்லை, உன் கடிதமும் தேவைப்படவில்லை, பார்த்தாயா? பழையதை விடு, எனக்கு உன்னில் கோபமில்லை. ஒக்டோபர் 14 வெளியே வருகிறேன். அருள்மலரை வீட்டைத் துப்புரவாக்கி, சூடைமீன் வாங்கி வைக்கச் சொல்.

உன் அண்ணன்,
கரிகாலன்

28 செப்டம்பர் 2025

அண்ணா,

எலோடி தீர்ப்பின் பிரதியைத் தந்தார். பதினொரு பக்கத்தையும் இரண்டு தரம் வாசித்தேன். நீங்கள் நல்லவர் என்று ஒரு வரிகூட இல்லை. ஆபத்தானவர் இல்லை என்றும் இல்லை. விசாவை ரத்துச் செய்யுமுன் பிரெபெக்சர் உங்களிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, ஆகவே அந்த முடிவு செல்லாது. அவ்வளவுதான். இனி முறைப்படி விளக்கம் கேட்டுவிட்டு மறுபடி முடிவு எடுப்பார்கள்.

ஒருவரைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்பது சரியான சட்டம். அது உங்களுக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பிரெபெக்சர் கேட்காததை நான் கேட்டேன். ஜனவரியிலிருந்து தபால்பெட்டியைத் திறந்து பார்த்தேன். எட்டு மாதம் கழித்து நீங்கள் எழுதியது சூடைமீனைப் பற்றி.

பிரெபெக்சரின் கடிதம் வந்தால் விளக்கம் எழுத வேறு ஆள் பாருங்கள்.

வீட்டுக் கதவைத் திறக்கும் திறப்பை எலோடியிடம் கொடுத்திருக்கிறேன். அண்ணி அங்கே இல்லை. அவர் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். அம்மா அழுது கேட்டும் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

லக்ஷனா