தண்ணீர் வரிசை

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

“வாயே திறக்காத பிள்ளைக்கு அங்கே என்ன வேலை, வந்து கூட்டிப்போகிறேன்” என்று எழுதியிருந்தீர்கள். நேற்று வாயைத் திறந்தேன்.

நான் உதவியாளாக இருக்கும் இந்த ஆய்வுக்கூடத்தில் வரிக்குதிரை மீனின் முட்டைகளைத் தட்டிலுள்ள சின்னக் குழிகளில் வைத்து, வரிசைக்கு ஒரு மருந்து விட்டுப் பார்ப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரிசைக்கு மட்டும் வெறும் தண்ணீர். முட்டை கண்ணாடிபோல இருப்பதால் உள்ளே இதயம் துடிப்பது தெரியும். நேற்று ஏழாவது மருந்து விட்ட வரிசையில் ஒரு துடிப்பும் இல்லை.

ஆராய்ச்சி செய்யும் அக்கா, “விஷம்தான், நோட்டுல எழுதிக்கோ” என்றார்.

“தண்ணி வரிசையிலயும் பாதி செத்துருக்குக்கா. மருந்து மேல எப்படிப் பழி போடறது?”

“பத்தாவதுகூட முடிக்கல, எனக்கே பாடம் எடுக்கறியா?”

“எண்ணத் தெரியும்க்கா. நீங்களும் எண்ணிப் பாருங்க.”

நான் எழுதவில்லை. அவர் எண்ணினார். தட்டை ஒதுக்கி வைத்தார். இன்று எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்கிறோம்.

மீன் அறையில் தரை எப்போதும் ஈரம். இரண்டு ஜோடி காலுறை அனுப்புங்கள். தம்பியை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், திட்டியாவது எழுதட்டும்.

முட்டை எடுக்க நேரமாகிவிட்டது. என்னைக் கூட்டிப்போக வராதீர்கள், அப்பா. பார்க்க வாருங்கள்.

உங்கள் மகள்