மூன்று மணிக்கட்டுக்கு ஒரு கடிகாரம்

ஜனவரி 4, சனி

மறுபடியும் ஏற்றிவிட்டார்கள்.

போட் வீதி நகைக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அதே நீல முகப்புக் கடிகாரம், அதே இடம். அடியில் இருந்த விலை அட்டை மட்டும் புதிது. போன ஜனவரியும் இப்படித்தான், அதற்கு முந்தின ஜனவரியும். நான் வருடம் முழுக்க மிச்சம் பிடிப்பதை அவர்கள் ஒரு அட்டையை மாற்றி விழுங்கிவிடுகிறார்கள். பஸ் ஓட்டுகிறவளுக்குச் சம்பளம் அப்படி ஏறுமா?

எங்கள் ஊரிலேயே செய்கிற சாமான். தொழிற்சாலை ஆட்களைத் தினமும் காலையில் ஏற்றிக்கொண்டுபோய் வாசலில் இறக்குகிறவளே நான்தான்.

தங்கை லீஸ் போனில் சிரித்தாள். "உனக்கு நாப்பத்தெட்டு வயசு, ஒடீல். அந்தக் காசுக்குப் பல்லைக் கட்டு, ஊரைச் சுத்து. மணி பாக்க போன் இல்லையா?"

மணி பார்க்க யாருக்கு வேண்டும்? வாங்காமல் விடப்போவதில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

கஃபேயில் கடிகாரப் பைத்தியங்களின் மாதக் கூட்டம். பனி கொட்டியதால் மூன்று பேர்தான்: நான், கூரை வேலை செய்கிற நெல்சன், பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருக்கிற ப்ளேஸ். பேச்சு முழுக்க விலைதான்.

"அந்த ஃபாக்டரிக் கூரையப் போன கோடைல நான்தான் மாத்துனேன்" என்றான் நெல்சன். "மேல ஏற விடுவானுங்க. கீழ செய்யறத வாங்க விடமாட்டானுங்க."

ப்ளேஸ் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். பிறகு திடீரென்று, "ஒருத்தரால முடியாது சரி. மூணு பேர் சேந்தா?" என்றான்.

"எப்படி, ஆளுக்கு ஒரு முள்ளா?" என்றான் நெல்சன். "எனக்கு நொடி முள்ளக் குடுத்துடுங்கப்பா. அதுதான் என்னை மாதிரி சும்மா இருக்காது."

சிரித்தோம். ஆனால் யாரும் பேச்சை மாற்றவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

முடிவாகிவிட்டது. ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு, ஆளுக்கு நான்கு மாதம். பெட்டியில் பூட்டி வைக்கக் கூடாது, கட்டிக்கொள்ள வேண்டும். கைமாற்றுவது இந்தக் கஃபேயில், மூன்று பேர் முன்னால். கை குலுக்கிக்கொண்டோம்.

மார்ச் 7, வெள்ளி

கடைக்காரர் மரியாதைக்குக் குறைவில்லாமல் அவமானப்படுத்தினார். "காசு இருந்தா மட்டும் போதாது மேடம். நீலத்துக்கு நிறைய பேர் காத்திருக்காங்க. ஏற்கனவே நம்மகிட்ட வாங்கினவங்களுக்குத்தான் முதல்ல. ஒரு காப்பு, ஒரு கம்மல்னு ஆரம்பிச்சீங்கன்னா..."

"எனக்குக் காது குத்தவே இல்லை சார்."

"பரிசா குடுக்கலாமே."

"எழுதிக்கோங்க. பேரு ஒடீல் மத்தே. எனக்குக் கடிகாரம் மட்டும்தான் வேணும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து கேப்பேன்."

வாசலுக்கு வந்தபிறகு, சொன்னது அதிகமோ என்று தோன்றியது. ஆனாலும் போவேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

இல்லை. அடுத்த வெள்ளி.

மே 16, வெள்ளி

நான் உள்ளே நுழைந்ததுமே அவர் எழுந்து நின்றார். "யாரோ ஒருத்தர் வேண்டாம்னுட்டார், மேடம். நிஜமாச் சொல்றேன், நீங்க வர்றத நிறுத்தணும்னுதான் உங்களுக்குக் குடுக்கிறேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். நான் அழாமல் பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 1, ஞாயிறு

யாருக்கு முதல் முறை என்று குச்சி இழுத்துப் பார்த்தோம். முதல் முறை நெல்சன், அடுத்து நான், கடைசியில் ப்ளேஸ். நெல்சன் அதைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, கனம் பழக வேண்டும் என்றான்.

ஜூலை 9, புதன்

பெரிய பள்ளத்தெரு முனையில் பஸ்ஸை நிறுத்தியபோது மேலே பார்த்தேன். ஓடுகளைக் கையில் தூக்கிக்கொண்டு கூரைமேல் நெல்சன். மணிக்கட்டில் நீலம்! வெயிலில் இங்கேவரை மின்னுகிறது. பைத்தியமா இவனுக்கு? அதில் என் மூன்று வருடம் இருக்கிறதே!

ஜூலை 13, ஞாயிறு

ஓரத்தில் ஒரு கீறல். நகத்தால் தடவினால் தட்டுகிறது. ப்ளேஸ் கத்திவிட்டான். "கூரை மேலயாடா கட்டிக்கிட்டுப் போவ? உனக்கு அறிவு இருக்கா?"

"நான் பகல் முழுக்க இருக்கிற இடம் அதுதான். வேற எங்க கட்டுறது? தூங்கும்போதா?"

எனக்கும் கோபம் வந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சொன்னது நாங்கள்தானே?

அக்டோபர் 5, ஞாயிறு

என் முறை. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

காலை பஸ்ஸில் ஏறிய ஒரு பெண் என் கையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. "ஃபாக்டரில இதுக்கு முள்ளு வைக்கிற பிரிவுலதான் இருக்கேன். கழுத்துக்குக் கீழ எல்லாம் வலி, இதை வச்சு வச்சு. வெளிய யார் கையிலயும் பாத்ததே இல்ல."

கழற்றிக் கொடுத்தேன். மூன்று நிறுத்தம் கட்டிக்கொண்டு வந்தாள். இறங்கும்போது கொடுத்துவிட்டு, "நல்லாத்தான் வச்சிருக்கேன், இல்ல?" என்றாள்.

விலை ஏறினால் ஏறட்டும். இது கையில் இருக்க வேண்டிய பொருள்.

ஜனவரி 11, ஞாயிறு

வழக்கம்போல விலை ஏறியது. கூடவே இன்னொரு செய்தி: நீல முகப்பை இனிமேல் செய்யமாட்டார்களாம். வெளிச்சந்தையில் நாங்கள் கொடுத்ததைப்போல இரண்டு மடங்குக்குப் போகிறது.

ப்ளேஸ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். "இப்ப வித்தா ஆளுக்கு ஒண்ணு சொந்தமா வாங்கலாம். நீலம் இல்லாட்டியும் நல்லதா. நாலு மாசம் கட்டி எட்டு மாசம் ஏங்குற பொழப்பு வேண்டாம்."

நெல்சன் தலையைக் குனிந்துகொண்டான். குளிர்காலத்தில் அவனுக்குக் கூரை வேலை கிடையாது. காலிக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, "நீ என்ன சொல்ற ஒடீல்?" என்றான்.

"விக்கமாட்டேன்."

"ஏன்னு சொல்லு" என்றான் ப்ளேஸ்.

"விக்கிறதுக்கு வாங்கல."

"நல்லா இருக்கு நியாயம். மூணுல ஒரு பங்குதான் உன்னுது, ஞாபகம் இருக்கட்டும்."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எரிகிறது.

பிப்ரவரி 1, ஞாயிறு

ப்ளேஸின் முறை. கொடுக்காமல் இருந்துவிடலாமா என்று ராத்திரியெல்லாம் புரண்டேன். கொடுத்தால் நேராக ஜெனீவாவுக்குக் கொண்டுபோய் விற்றுவிடுவானோ? கை குலுக்கியது குலுக்கியதுதான். மேஜையில் வைத்தேன். அவன் உடனே எடுக்கவில்லை.

"என்னை நம்பலைல்ல?"

"எடுத்துக்கோ ப்ளேஸ். காபி ஆறுது."

பிப்ரவரி 11, புதன்

விற்காமல் இருக்க நான்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். வேறு யாரும் செய்யப்போவதில்லை.

மார்ச் 8, ஞாயிறு

ப்ளேஸின் பங்கை நாங்களே வாங்கிவிட்டோம். இருபது வருடமாகச் சேர்த்த என் பழைய கடிகாரங்களில் நான்கை விற்றேன். முப்பதாவது பிறந்தநாளுக்கு எனக்கு நானே வாங்கிக்கொடுத்த வெள்ளிக் கடிகாரமும் போய்விட்டது. அதைக் கொடுக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நெல்சன் தன் மோட்டார் சைக்கிளை விற்று மிச்சத்தைப் போட்டான். நான் கேட்கவே இல்லை. "பங்குக்கு ஆறு மாசம்னா லாபம்தானே" என்று மட்டும் சொன்னான்.

ப்ளேஸுக்கு இன்றைய விலைப்படியே அவன் பங்கைக் கொடுத்தோம். தள்ளுபடி கேட்கவில்லை. வாங்கிக்கொண்டபோது அவன் காது சிவந்திருந்தது. கடிகாரத்தைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, என் முன்னால் வைத்தான். விற்கக் கொண்டுபோகவே இல்லை. கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். வாரில் அவன் மாட்டுகிற ஓட்டை பெரிதாகியிருந்தது.

இனி கூட்டத்துக்கு வருவானா?

நவம்பர் 29, ஞாயிறு

தெருவெல்லாம் வெள்ளை. இந்தப் பருவத்தின் முதல் நல்ல பனி.

கஃபேயில் நெல்சனும் நானும். எட்டு மாதத்துக்கு அப்புறம் ப்ளேஸ் வந்தான். பூட்ஸைத் தட்டிவிட்டு உட்கார்ந்தான். கோடையில் புதுசாக ஒன்று வாங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டிருந்தோம். ஆனால் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

"எங்கடா உன் ராஜா?" என்றான் நெல்சன்.

"பேங்க் லாக்கர்ல. வாங்கி மூணு மாசத்துல அதுவும் ஏறிப்போச்சு. இன்ஷூரன்ஸ்காரன் வீட்ல வைக்காதேங்கிறான். கட்டிக்கிட்டு வெளிய போனா எங்க இடிப்பேனோன்னு கையை மடக்கியே நடக்கிறேன்." அவன் என் கையைப் பார்த்தான். கீறலைப் பார்த்தான். "ஒடீல்... அடுத்த ஞாயிறுவரைக்கும் நான் கட்டிக்கட்டுமா? ஸ்கூல் பசங்களோட பனிச்சறுக்குக்குப் போறேன்."

நெல்சன் என்னைப் பார்த்தான். நான் வாரை அவிழ்த்தேன்.

"கீறல் விழுந்தா?" என்றான் ப்ளேஸ்.

"விழட்டும்" என்றேன்.

அவன் அதைக் கட்டிக்கொண்டு எழுந்து வெளியே போனான். அந்தப் பனியிலும் கோட்டின் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டுக்கொண்டே நடந்தான்.