எலிகளுக்குக் கிடைத்த ஜெல்

ஐப்பசி 14, ஞாயிறு
விடாத மழை. துணி காயவில்லை. வாங்க: கொசுவர்த்தி, தயிர், மெழுகுவர்த்தி.
மாத்திரை நாள். நான்கு வருடமாக வாரம் ஒன்று. என் எதிர்ப்புச் சக்தி என் மூட்டுகளையே தாக்குகிறது. மாத்திரை அதை உடம்பு முழுக்க அடக்கிவைக்கிறது. வலி இல்லை. இதைச் சாப்பிடும்வரை குழந்தையும் கூடாது.
எதிர்வீட்டுத் தறிச் சத்தம். நடுவே அந்த வீட்டுக் குழந்தையின் அழுகை. ஜன்னலைச் சாத்தவில்லை.

17, புதன்
ரேவதி போன். கல்லூரித் தோழி, சென்னையில் ஆராய்ச்சி. தண்ணீரை நிறையப் பிடித்துவைக்கிற ஒரு ஜெல். ஊசியால் மூட்டுக்குள் போட்டால் அங்கேயே தங்கி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அந்த இடத்தின் எதிர்ப்பு அணுக்களை மட்டும் அமைதிப்படுத்தும். மற்ற உடம்பு தன்பாட்டில்.
"எலிக்கு வீக்கம் வத்திடுச்சிடீ. ஒண்ணு குட்டி கூட போட்டுது. எல்லாம் நல்லா இருக்கு."
"மனுஷங்களுக்கு எப்போ?"
"வருஷக்கணக்கா ஆகும். எத்தனைன்னு கேக்காத."
மாமியாரிடம் சொன்னேன். "எலிக்கு வைத்தியமா? நம்ம வூட்டு எலிக்குத் தெரிஞ்சா ஜல்தியா மெட்ராசுக்கு பஸ் ஏறிடும்."
சிரித்தேன். பிறகு குளியலறையில், அந்தக் குட்டிகளை நினைத்துக்கொண்டு, வெகுநேரம்.

20, சனி
வேலூர் ஆஸ்பத்திரி. என் கணவன் குமார் லீவு போட்டுக்கொண்டு வந்தான். ஜெல் வரும்வரை காத்திருக்கலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.
"வரும்மா. ஆனா உங்க வயசு அதுவரைக்கும் நிக்காதே."
மாத்திரையை நிறுத்தலாம். மூன்று மாதம் கழித்து முயலலாம். அதற்குப் பதில், கருவுக்குக் கெடுதல் செய்யாத வேறு மாத்திரை. அது இவ்வளவு கேட்காது. வலி திரும்பலாம்.
பஸ்ஸில் குமார்: "உனக்குத்தான் வலிக்கும். நான் சும்மா பாத்துகினு இருக்கணும்."
"பாத்துகினு இரு. போதும்."

21, ஞாயிறு
வெயில். பழைய மாத்திரை போடவில்லை. நாள் முழுவதும் எதையோ மறந்த உணர்வு.

கார்த்திகை 6, திங்கள்
இன்னும் பத்து வாரம்.
விரல்கள் வீங்கிவிட்டன. சீப்பு நழுவியது. குமார் பின்னால் வந்து உட்கார்ந்து முடியைப் பிரித்தான்.
"இன்னாது, மூணு காலா? எது மேல எது?"
மாமியார் அடுப்படியிலிருந்து: "வேட்டி கட்டத் தெரியாதவன் ஜடை பின்றான்!"
"பொண்ணு பொறந்தா நான்தானேம்மா பின்னணும்."
செய்யார் கம்பெனி பஸ்ஸின் ஹாரன். பாதிப் பின்னலை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினான்.
பஸ் தெருமுனை திரும்பும்வரை, பிரிந்துவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.