மகன் வரவில்லை

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

நீ நலமா? நான் நலம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன். இனி உண்மையைச் சொல்கிறேன். சில நாட்களாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துவிடுகிறது. நேற்று தெர்மாமீட்டரை என் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வார்டு முழுக்கத் தேடினேன்.

போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ பாய்ந்துவிடுவாய், நானும் சரி சரி என்று வைத்துவிடுவேன். விடுதியில் ஒரே அறையில் இருந்த காலத்திலிருந்து நமக்குள் அப்படித்தானே. அதனால்தான் இந்தத் தாள். முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ இங்கிருந்து கிளம்பும் முன் எழுதிக் கொடுத்த கட்டுரை வேலை செய்துவிட்டது. நம் ‘வெள்ளைக் காலணி’ இணையப் பக்கத்தில் இதுவரை எதையும் இத்தனை பேர் படித்ததில்லை. ஐம்பது படுக்கைக்கு இரவில் ஒரே நர்ஸ் என்று வருஷக்கணக்காக வாய் வலிக்கச் சொன்னோம். காதிலேயே போட்டுக்கொள்ளாத நிர்வாகம், பத்திரிகைக்காரர்கள் வாசலுக்கு வந்ததும் நம் வார்டில் இரவுக்கு இன்னும் இரண்டு பேரைப் போட்டுவிட்டது. இரண்டும் சின்னப் பெண்கள். ஊசி போடும்போது நோயாளியைவிட அவர்கள்தான் முகத்தைச் சுளிக்கிறார்கள். இருந்தாலும் ஆள் ஆள்தான். யார் எழுதியது, யார் வெளியிட்டது என்று நிர்வாக அதிகாரி மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார். பெயர் போட தைரியமில்லாத கோழைகள் என்று கூட்டத்தில் திட்டினார். நானும் எல்லோரோடும் சேர்ந்து தலையாட்டினேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. நீங்கள் எழுதியது என் அப்பாவைப் பற்றி, உங்களைப் பார்க்க வேண்டும், சண்டை போட இல்லை என்று. என் வீட்டுக்காரர் போகாதே என்றார். போனேன்.

செய்தி அனுப்பியவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வேனை நிறுத்தியிருந்தார். மழை தூறியதால் உள்ளே உட்காரச் சொன்னார். சின்னப் பிள்ளைகளுக்கான இருக்கை. முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தேன். யாரோ மறந்துபோன தண்ணீர்ப் பாட்டில் காலடியில் உருண்டுகொண்டே இருந்தது.

அன்றிரவு நம் வார்டில் இறந்துபோன அந்தப் பெரியவரின் பெயரை நீ கட்டுரையில் எழுதவில்லை. படுக்கை எண்ணைக்கூட மாற்றியிருந்தாய். ஆனால் மூச்சு வாங்கிய நேரத்திலும் அவர் விரல்கள் போர்வைமேல் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்தன என்று எழுதினாய். அழகான வரி, படிக்கும்போது எனக்குக் கண் கலங்கியது. அந்த அழகான வரியை வைத்துத்தான், அவரிடம் தட்டச்சு கற்றவர்கள் எல்லோரும் இது நம் வாத்தியார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்கு அடுத்த வரி உனக்கு நினைவிருக்கும். ‘மகன் வரவில்லை.’

அந்த இரண்டு வார்த்தைக்குக் கீழே ஊரே வந்து துப்பிவிட்டுப் போயிருக்கிறது. அந்த மகனின் பெயர், வேனின் படம், வீடு இருக்கும் தெரு, எல்லாவற்றையும் யாரோ போட்டிருக்கிறார்கள். பெற்ற அப்பனையே பார்க்காதவன் கையில் நம் பிள்ளைகளை எப்படிக் கொடுப்பது என்று ஒரு தாய் கேட்டிருக்கிறாள். அதைப் பார்த்துச் சில பேர் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றிவிட்டார்கள். யார் கருத்தையும் வெட்டமாட்டோம் என்று பக்கம் ஆரம்பித்த நாளில் நாம் இருவரும் பெருமையாக எழுதி வைத்தோமே, அதனால் நானும் எதையும் தொடாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் சத்தம் போடவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நான் வந்திருந்தேங்க. கீழ பெஞ்சுலதான் இருந்தேன்.”

பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று காவலாளி மேலே விடவில்லையாம். கெஞ்சியிருக்கிறார். வார்டு போனுக்கு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். யாரும் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? ஐம்பது பேருக்கு நடுவில் ஒருத்தியாக நீ ஓடிக்கொண்டிருந்தாய். விடிந்து அவர் மேலே போனபோது படுக்கை காலி.

நான் காவலாளியிடம் கேட்டேன். உண்மைதான் சிஸ்டர் என்றார். மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்ய, என்னை மட்டும் இதில் இழுத்துவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

கட்டுரையை எடுக்கச் சொல்லி அந்த மனிதர் கேட்கவில்லை. அதில் இருப்பது நடந்ததுதான், அது இருக்கட்டும் என்கிறார். தான் கீழே இருந்ததாக ஒரு வரி போட்டால் போதுமாம். அவர் அம்மாவுக்கு முட்டிவலி, அன்று வீட்டில் இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன் என்று மகன் சொன்னதை முதலில் நம்பியிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் நம் கட்டுரையைப் படித்துக் காட்டியதிலிருந்து மகனோடு பேசுவதில்லை. தட்டில் சோறு மட்டும் வைக்கிறாராம். படிச்சவங்க எழுதினது பொய்யா, நீ சொல்றது பொய்யா என்று கேட்டாராம்.

வெளியிடும் முன் மகன் விஷயம் உறுதியா என்று உன்னைக் கேட்டேன். யாரும் வரலடீ என்றாய். மேலே யாரும் வரவில்லை, அது சரிதான். கீழே போய்ப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை.

திருத்தம் போடட்டுமா? சீக்கிரம் சொல். சாப்பாட்டை மட்டும் ஒழுங்காகச் சாப்பிடு.

என்றும் உன்,
அறைத்தோழி


அன்புள்ள தோழிக்கு,

கடிதம் கிடைத்ததும் நீ போனில் கத்திய கத்தலில், அடுப்படியில் இருந்த என் வீட்டுக்காரர் கரண்டியோடு வந்து நின்றார். உன்மேல் எனக்கு வருத்தமில்லை. நீ சொன்னதில் பாதி எனக்கும் தோன்றியதுதான்.

ஒரு வரி தப்பு என்று நாமே ஒத்துக்கொண்டால் மொத்தமும் பொய் என்று நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டும், அந்த இரண்டு பெண்களையும் தூக்கிவிடும், ஒருவரின் மனக்கஷ்டம் பெரிதா ஐம்பது உயிர் பெரிதா என்றாய். வாயைத் திறக்க இடம் கிடைக்காமல்தானே இந்தப் பக்கத்தையே தொடங்கினோம், இப்போது நம் வாயை நாமே மூடுவதா என்றாய். கடைசியில், சத்தமில்லாமல் அந்த வரியை மட்டும் எடுத்துவிடு, யாருக்கும் தெரியப்போவதில்லை என்றாய்.

அப்படிச் செய்யத்தான் உட்கார்ந்தேன். வரியை எடுத்தும் பார்த்தேன். கட்டுரை எந்த வடுவும் இல்லாமல் மூடிக்கொண்டது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்திலிருந்து எடுத்துவிடலாம். படித்தவர்கள் தலைக்குள் போனதை எப்படி எடுப்பது? அந்த அம்மாவுக்கு யார் போய்ச் சொல்வது? பேசுகிற உரிமை நமக்கு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. நாம் பேசியது ஒருவர் தலையில் விழுந்தபோது அவர் பேச எங்கே இடம் வைத்தோம்?

வீட்டுக்குள் நடந்தேன், மொட்டை மாடிக்குப் போனேன், துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். பிறகு எழுதினேன். கட்டுரையின் தலைமேல், தலைப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகப் போட்டேன். ‘மகன் வரவில்லை என்று எழுதியது தவறு. அவர் வந்தார். மேலே வர அனுமதி இல்லாததால் கீழே காத்திருந்தார். கேட்டுப் பார்க்காமல் வெளியிட்டது எங்கள் குற்றம். மற்றவை அனைத்தும் நடந்தவை.’ கீழே என் பெயரைப் போட்டேன். அவர் பெயர் தெருவெல்லாம் அடிபடும்போது என் பெயர் மட்டும் பத்திரமாக இருப்பது கூச்சமாக இருந்தது. உன் பெயரைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

பின்னூட்டங்களிலும் கை வைத்தேன். நர்ஸ்களைத் திட்டியதை விட்டுவிட்டேன், அது அவர்கள் கருத்து. வேன்காரருடைய வீட்டுத் தெருவையும் மனைவியையும் இழுத்ததையெல்லாம் எடுத்தேன். எங்கே கோடு கிழிப்பது என்று எனக்கு இப்போதும் தெரியாது. தெரியாமலேதான் கிழித்தேன். கழுத்தை நெரிக்கிறாய் என்று உடனே என்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டவர்களும் உண்டு. பெரும்பாலானவர்கள் வேறு யாரையோ திட்டப் போய்விட்டார்கள்.

நீ சொன்னபடியே நடந்தது. ‘அவர்களே பொய் என்று ஒப்புக்கொண்டார்கள்’ என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். இரண்டு பெண்களில் ஒருத்தியை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மற்றவள் இருக்கிறாள், எத்தனை நாளைக்கோ தெரியாது. என்னைக் கூப்பிட்டு எழுதியது யார் என்று கேட்டார்கள். வெளியிட்டது நான் என்றேன். திரும்பத் திரும்பக் கேட்டார்கள், திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். இதற்கு நடுவில் ஒரு அதிசயம். விடுதியில் உன் வாளியை எடுத்துக்கொண்டு கடைசிவரை தராதவள் இருக்கிறாளே, அவள் திருத்தத்துக்குக் கீழே தன் சொந்தப் பெயரில், நானும் அந்த வார்டில் இரவு வேலை பார்த்திருக்கிறேன், மீதி எல்லாம் உண்மை என்று எழுதியிருக்கிறாள். வாளியை மன்னித்துவிடு.

நான் செய்தது சரியா என்று கேட்டால் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியவில்லை. படுக்கைகளை நினைத்தால் பதறுகிறது.

வேன்காரர் முந்தாநாள் கூப்பிட்டார். அம்மா ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்கிறார், உங்களால் வரமுடியுமா என்றார். உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்ற யோசனையோடு போனேன். காவலாளி என்னைப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார், வழியை மட்டும் விட்டார்.

சின்ன உருவம் அந்த அம்மா. மகனின் கையைப் பிடிக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். எந்த பெஞ்சு என்று கேட்டார். மருந்து வாங்கும் ஜன்னலுக்கு எதிரே இருக்கும் இரும்பு பெஞ்சை மகன் காட்டினார். அந்த அம்மா அதில் மெதுவாக உட்கார்ந்து, உள்ளங்கையால் இரும்பைத் தடவிப் பார்த்தார். நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். பிறகு நிமிர்ந்து மகனைப் பார்த்தார்.

“ராத்திரியில இது சில்லுனு இருந்திருக்குமே. எதையாவது போத்திக்கிட்டியாப்பா?”

அவர் மருந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னாலும் அங்கே நிற்க முடியவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசி நேரத்தில் அவர் பக்கத்தில் யாராவது இருந்தீர்களா, ஏதாவது கேட்டாரா, யாரையாவது தேடினாரா என்றார். எனக்குத் தெரியாது, அன்று வேலையில் இருந்தவர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார் என்றேன். கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

அந்த வரியை நீ ஏன் எழுதினாய் என்று எனக்குப் புரியாமலில்லை. ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் போய்விட்டார் என்றால், அந்தப் பாரத்தை எங்கேயாவது இறக்கி வைக்கத்தானே தோன்றும். நீ ஊரை விட்டுப் போனதும் அதனால்தான் என்று நான் எப்போதும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

அவர்கள் விலாசத்தைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு எழுது. நீ பார்த்ததை எழுது, கேட்டதை எழுது. பக்கத்தில் இல்லை என்றால் இல்லை என்றே எழுது. அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நல்ல வார்த்தை ஒன்றைக்கூடச் சேர்த்துவிடாதே. உனக்கு எழுத வரும், அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்த அம்மா காத்திருப்பார். தள்ளிப்போடாமல் எழுது.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அறைத்தோழி