நீ நிரப்பிய வட்டம்

லிண்டால் ஃபால்ஸ்
9 மார்ச் 1998

அன்பு மகள் கிர்ஸ்டனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறோம், என் மனசுதான் ஒரு நிலையில் இல்லை. வலிப்பு மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறாயா? அரிசோனா வெயிலில் அலையாதே. இங்கே இன்னும் பனி விழுகிறது, அப்பாவே வாசலில் வாரிக் கொட்டுகிறார், வேண்டாம் என்றால் "நெடுஞ்சாலையையே வாரினவன்டி நான்" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வகுப்பில் வலிப்பு வந்ததற்காக உன்னை நர்சிங் படிப்பிலிருந்து நீக்கிய அரசுப் பல்கலைக்கழகம், நீ வியாதியை மறைத்துவிட்டாய் என்று கோர்ட்டில் சாதிக்கிறது. சேரும்போதே சொல்லிவிட்டதாக நீ சொல்கிறாய். அவர்கள் காட்டும் படிவத்திலோ வலிப்பு உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்ற வட்டம்தான் கறுத்திருக்கிறது. "உங்களுக்கு ஞாபகம் பிசகியிருக்கும்" என்று அரசாங்க வக்கீல் முகத்துக்கு நேரே சொன்னானாமே, அவன் நாசமாய்ப் போக. நீயும் அதை நம்பி, "எனக்கே சந்தேகமா இருக்கும்மா, மாசக் கடைசியில கேஸை வாபஸ் வாங்கிடறேன்" என்கிறாய். நான் பாவி, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

கண்ணே, நீ 'ஆம்' என்றுதான் நிரப்பினாய். தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு கூடைப்பந்து ஆட்டம் பார்க்க ஓடினாய். பென்சில்தானே, சமையலறை மேஜையில் உட்கார்ந்து நான்தான் ரப்பரால் அழித்துவிட்டு அடுத்த வட்டத்தை நிரப்பினேன். முன்பு அப்பா நெடுஞ்சாலைத் துறைப் படிவத்தில் தனக்கு வலிப்பு உண்டு என்று உண்மையை எழுதினார். அவர் ஓட்டிய பனி வாரும் வண்டியின் சாவியை வாங்கிக்கொண்டார்கள், கிடங்கில் ஒரு வேலையாவது கொடுங்கள் என்று கெஞ்சியதற்கும் கதவைச் சாத்தினார்கள். அன்றைக்கு அந்த மனுஷர் அழுததை நீ பார்க்கவில்லை. உனக்கும் அந்தக் கதி வரக் கூடாது என்று பயந்தேன், நானே இழுத்துவிட்டுவிட்டேன்.

போனில் சொல்ல வாய் வரவில்லை. அப்பாவுக்கும் இன்னும் தெரியாது. இந்தக் கடிதத்தை உன் வக்கீலம்மாவிடம் காட்டு. இதனால் கேஸ் ஜெயிக்குமோ தோற்குமோ, கோர்ட்டில் வந்து சத்தியம் செய்து சொல்ல நான் தயார். அதுவரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே, மறந்துவிடாதே.

ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும். என்னை நீ மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, உன் ஞாபகத்தை மட்டும் சந்தேகப்படாதே குழந்தை.

உன் அம்மா
ஆர்டிஸ்